இறங்கும்போது எடுத்த அளவு

ஒரு கேள்வியை ஒரே ஒரு முறை கேட்டு, கிடைத்த பதிலை வாங்கிக்கொண்டு போய்விடுகிறவர்களைத்தான் அலுவலகங்களுக்குப் பிடிக்கும். உத்தியோக காலம் முழுவதையும் ஒரு கல்லூரி அலுவலகத்தில் தேய்த்தவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன். நான் சொல்ல வந்த பெண்மணி எதையும் இரண்டு முறை கேட்பார். முதல் பதிலை எங்கோ ஓரமாக வைத்துவிட்டு, சில வாரங்கள் கழித்து வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே கேள்வியைச் சொல் மாறாமல் கேட்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறைக்கு டெமான்ஸ்ட்ரேட்டராக வந்தார். எங்கள் கல்லூரி என்றால், தாம்பரம் என்றதும் எல்லோரும் நினைக்கிற அந்த மரம் அடர்ந்த பழைய கல்லூரி அல்ல. ரயில் பாதைக்குக் கிழக்கே, வயலாக இருந்து மனையாக மாறிக்கொண்டிருந்த நிலத்தில், அரசு மானியத்தாலும் நிர்வாகத்தின் வாய்ச்சொல்லாலும் நடந்துவந்த ஒன்று. நான் அங்கே அலுவலகக் கண்காணிப்பாளர். முதல்வர்கள் வருவார்கள், போவார்கள். விதிகள் என் மேஜையில் இருந்தன.

என்னிடம் அவர் முதலில் கேட்டது விடுப்பு பற்றி. கோடை விடுமுறை தொடங்குவதற்கு முந்தின நாள் தற்செயல் விடுப்பு போடலாமா என்று கேட்டார். மானியக் கணக்கு முடிக்கிற நேரம். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "போடலாம்மா" என்றேன். பத்து நாள் போல ஆனதும் மறுபடியும் வந்து கேட்டார்.

"கூடாது. விடுமுறையோட தற்செயல் விடுப்பைச் சேர்க்கவே கூடாது," என்றேன்.

"அன்னிக்குப் போடலாம்னு சொன்னீங்க சார்."

"நானா?"

"ஆமா சார். அன்னிக்கு நீங்க ரொம்பச் சூடா இருந்தீங்க. இப்ப ஆறியிருக்கீங்க. ஆறினப்போ சொன்னதையே எடுத்துக்கறேன்."

கிண்டல் இல்லை. குரலில் குத்தலும் இல்லை. அவர் போன பிறகு விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது பதில்தான் சரி. எனக்கு அன்று முழுக்க எரிச்சலாக இருந்தது. விதியில் நான் தவறுவேன் என்பதை அதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. என்னையும் சேர்த்து.

மாணவர்கள் அவருக்கு 'ரெண்டு தடவை மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். செய்முறைத் தேர்வில் வாய்மொழிக் கேள்வியை வந்ததும் ஒரு முறை கேட்பார், போகும்போது ஒரு முறை கேட்பார். முதலில் உளறியவன் பிறகு சரியாகச் சொன்னால் முழு மதிப்பெண். முதலில் ஒப்பித்தவன் பிறகு விழித்தால் பாதி. பல்லாவரத்திலிருந்து வந்த ஒரு பையன் ஒரு தடவை பொறுக்க முடியாமல், "மேடம், நான் இன்னா கண்ணாடியா? சூடு பண்ணி ஒரு தபா, ஆற வச்சு ஒரு தபா கேக்குறீங்களே," என்று கேட்டுவிட்டான். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். "கண்ணாடியா இருந்தா இவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டே," என்றார்.

அந்தப் பையன் சொன்னது வெறும் வாய்த்துடுக்கு அல்ல. கண்ணாடியிடமிருந்துதான் அவருக்கு அந்தப் பழக்கம் வந்தது. அல்லது அந்தப் பழக்கம் இருந்ததால்தான் அவர் கண்ணாடியிடம் போய்ச் சேர்ந்தார். எது முதல் என்று நான் கேட்டதில்லை.

டெமான்ஸ்ட்ரேட்டர் என்றால் என்ன என்பதை இந்தக் காலத்தவருக்குச் சொல்ல வேண்டும். எம்.எஸ்சி. படித்திருக்கலாம், பேராசிரியரைவிட நன்றாகவே விளக்கலாம், ஆனால் ஆய்வகத்தில் மட்டும் நிற்கலாம். வகுப்பறையில் சாக்பீஸ் எடுத்துப் பாடம் நடத்தக் கூடாது. விரிவுரையாளராக ஏற வேண்டுமானால், எங்கள் நிர்வாகம் வைத்திருந்த நிபந்தனை, பிஎச்.டி. பட்டம். அதற்குத்தான் பகுதி நேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருந்தார். "எனக்குப் பாடம் நடத்தணும் சார், அவ்வளவுதான்," என்று பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது சொன்னார். ஆராய்ச்சிக்கு அவ்வளவு எளிய காரணம் சொன்ன ஆளை நான் அதற்கு முன்பும் பின்பும் பார்க்கவில்லை. மற்றவர்களெல்லாம் அறிவியலுக்குத் தொண்டு செய்ய வந்தவர்கள்.

ஆண்டு இறுதிப் பொருள் சரிபார்ப்புக்காக ஆய்வகத்துக்குப் போனபோதுதான் அவருடைய வேலையை நேரில் பார்த்தேன். மூலையில் ஒரு மின் உலை. அதற்குள் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு கண்ணாடி வில்லை, இரண்டு பக்கமும் வெள்ளிப் பூச்சு. அதிலிருந்து இரண்டு கம்பிகள் வெளியே வந்து ஓர் அளவுமானியில் முடிந்தன.

"கண்ணாடியில கரண்ட் போகாதுன்னுதானே சின்ன வயசுல படிச்சோம்?" என்றேன்.

"குளிர்ச்சியா இருக்கிறப்போ போகாதுன்னே சொல்லலாம் சார். சூடாக ஆக, போகும். நல்லா சூடு பண்ணினா நல்லாவே போகும்."

"எப்படி?"

கொஞ்சம் யோசித்தார். "காலையில பீச் போற யூனிட் ரயில்ல ஏறியிருக்கீங்களா சார், மூணாவது பெட்டியில?"

"ஏறி, குரோம்பேட்டையில இறங்க முடியாம கிண்டி வரைக்கும் போயிருக்கேன்."

"கண்ணாடிக்குள்ள அதே கூட்டம்தான். சோடியம் அணு ஒவ்வொண்ணும் ஆளுக்கு ஆள் முட்டிக்கிட்டு நிக்குது. குளிர்ல யாரும் நகர மாட்டாங்க. சூடு பண்ணினா நெளிய ஆரம்பிப்பாங்க, இடம் கிடைக்கும், ஒருத்தர் ஒருத்தரா அந்தப் பக்கக் கதவுக்குப் போவாங்க. அதுதான் கரண்ட்."

"அப்ப மீட்டர்ல இருக்கிற இந்தக் குமிழ் எதுக்கு?"

"அது கேக்கிற வேகம். அந்தப் பக்கம் போ, இந்தப் பக்கம் வான்னு மின்னழுத்தத்தை மாத்தி மாத்திக் குடுக்கறோம் இல்லையா? ரொம்ப வேகமா மாத்தினா யாரும் எந்தக் கதவுக்கும் போய்ச் சேர மாட்டாங்க. நின்ன இடத்துலயே இடிச்சுக்குவாங்க. மீட்டர் அந்த இடியையும் கரண்ட்டுன்னு எண்ணிடும். வேகமாக் கேட்டா சூடு இருந்தாலும் இல்லாட்டியும் எல்லாக் கண்ணாடியும் ஏறக்குறைய ஒரே பதில்தான் சொல்லும். மெதுவாக் கேட்டாத்தான் அதோட குணம் தெரியும் சார்."

மெதுவாகக் கேட்பது என்றால் எவ்வளவு மெதுவாக என்பதை அன்று உட்கார்ந்து பார்த்தேன். உலையைக் கொஞ்சம் சூடேற்றுவார். சூடு நிலைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு வேகமான அதிர்வெண்ணில் தொடங்கி மெதுவான அதிர்வெண் வரை ஒவ்வொன்றாக அளவெடுப்பார். மறுபடி கொஞ்சம் சூடு. மறுபடி கை கட்டல். நான் மேஜை நாற்காலிகளை எண்ணி முடித்துவிட்டேன். அவர் இன்னும் இரண்டாவது சூட்டிலேயே இருந்தார்.

வீட்டிலும் அதே ஆள்தான். இரும்புலியூரில் பூர்வீகக் குடும்பம். அப்பா கடைசிவரை நெல் போட்டவர். சுற்றிலும் எல்லோரும் நிலத்தை மனை போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், நல்ல கோடையில், ஒரு தரகர் வந்து ஏரிக்குக் கீழே இருந்த வயலைக் கேட்டிருக்கிறார். வெடித்துக் கிடந்த நிலத்தைப் பார்த்து அப்பா சரி என்றுவிட்டார். தரகருக்கும் சந்தோஷம். இவர் குறுக்கே வந்து, "அப்பா, கோடையில சொல்லிட்டீங்க. ஐப்பசியில ஒரு தடவை சொல்லுங்க. அவரும் ஐப்பசியில ஒரு தடவை வந்து பாக்கட்டும்," என்றாராம். ஐப்பசியில் தரகர் வந்தார். முழங்காலுக்கு மேல் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு, மனை எங்கே என்று தேடிவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

இவருடைய தம்பி என்னிடம் இதைச் சொன்னது பேருந்து நிறுத்தத்தில் வைத்து. சொல்லும்போது அவனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "எங்க அக்காவால ஒரு காரியம் முடியாது சார். பொண்ணு பாக்க வந்தவன்கிட்ட, கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போலாமான்னு கேட்டுச்சு. போலாம்னான். விட வேணாமா? பஜ்ஜி காப்பியெல்லாம் முடிஞ்சு, அவன் செருப்பு மாட்டிக்கினு இருக்கிறான், திரும்பவும் போய்க் கேட்டுச்சு. பாக்கலாம்னு இழுத்தான். அவ்ளோதான், வேணாம்னுடுச்சு. பேஜாரு சார் எங்களுக்கு."

எனக்கு அதில் தவறு எதுவும் தெரியவில்லை. ஒரே மனிதரிடமிருந்து வருகிற இரண்டு விண்ணப்பங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் இரண்டையும் திருப்பி அனுப்பு என்பதுதான் எங்கள் அலுவலக நடைமுறையும். ஆனால் அதைத் தம்பியிடம் சொல்லவில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

கண்ணாடியில் அளவெடுப்பது சூடு ஏறும்போது ஒரு முறை, ஆறி இறங்கும்போது ஒரு முறை என்று இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் அது கண்ணாடியின் குணம். ஒத்துப்போகாவிட்டால் நடுவில் வேறு ஏதோ புகுந்திருக்கிறது. இது அவர் கண்டுபிடித்ததல்ல, எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு. ஆனால் எங்கள் கல்லூரியில் யாரும் இறங்கும்போது எடுத்ததில்லை. காரணம் அறிவியல் அல்ல, காவலாளி. காலையில் உலையை மூட்டினால் உச்சிச் சூட்டுக்குப் போக நாலு மணி ஆகிவிடும். உலை தானாக மெல்ல ஆறுவதற்கு இரவாகிவிடும். காவலாளி ஐந்து மணிக்குக் கட்டடத்தைப் பூட்டிவிடுவார். ஆகவே எங்கள் துறையில் பட்டம் வாங்கிய அத்தனை பேரும் கண்ணாடியை ஏறும்போது மட்டுமே கேட்டவர்கள். தாம்பரத்தில் இயற்பியல் ஐந்து மணிக்கு முடிந்துவிடும்.

இவர் விடவில்லை. மாலையில் ஆய்வகத்தைத் திறந்து வைக்க அனுமதி வேண்டும் என்று மனு கொடுத்தார். மனு துறைத் தலைவர் வழியாக முதல்வருக்குப் போய், முதல்வர் நிர்வாகக் குழுவுக்கு அனுப்பி, குழு என்னிடம் கருத்துக் கேட்டது. பெண் ஊழியர் மாலையில் இருந்தால் துணைக்கு ஒரு பெண் பணியாளர் இருக்க வேண்டும், சாவிப் பதிவேட்டில் ஒப்பம் வேண்டும், மின்சாரச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று முடிவாக வேண்டும். எல்லாவற்றுக்கும் வழி எழுதிக் கொடுத்தேன். வழி எழுதவே ஓர் ஆண்டு ஓடியது. அது எங்கள் வேகத்தில் அவசர நடவடிக்கை.

துணைக்கு இருந்தது ஆய்வகப் பணியாளர் அம்மாள். கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம், தாம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவர். வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து உள்ளே பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பார். நான் வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தப் பேச்சு காதில் விழும்.

"இன்னா மேடம், இன்னும் ஆறலியா? வூட்ல என் சோறு எப்பவோ ஆறிப்பூட்ச்சு."

"இன்னும் கொஞ்ச நேரம்தான்."

"அதத்தான் மின்னாடியும் சொன்னே. அந்தக் கதவத் தொறந்து வுட்டா சீக்கிரம் ஆறிடும்ல?"

"சீக்கிரம் ஆறினா சரியா சொல்லாது."

"ஆங்... என் ஊட்டுக்காரன் மேரியே கீதே உன் கண்ணாடி!"

எண்பதுகளின் பின்பாதியில் ஒரு மழைக்காலம். அந்த மாலைகளில்தான் அது நடந்தது. ஏறும்போது எடுத்த அளவில், மெதுவான அதிர்வெண்களில், நூறு டிகிரிக்குக் கீழே, வரைபடக் கோட்டில் ஒரு சின்ன மேடு இருந்தது. கடத்துதிறன் சற்று உயர்ந்து, பிறகு தணிந்து, பிறகுதான் ஒழுங்காக ஏறியது. அந்த மேடுதான் அவருடைய ஆய்வேட்டில் புதிய விஷயம். அதைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதி, தட்டச்சும் ஆகிவிட்டது. இறங்கும்போது எடுத்தபோது மேடு இல்லை.

அவர் மறுபடி எடுத்தார். உலையைத் திறக்காமல் உடனே இரண்டாவது முறை சூடேற்றினால் மேடு வரவில்லை. வில்லையை வெளியே எடுத்துச் சில நாள் மேஜையில் வைத்துவிட்டுச் சூடேற்றினால் வந்தது. மழைக்காலத்தில் பெரிதாக வந்தது, மாசியில் சின்னதாக வந்தது. ஏரியும் கடற்காற்றும் சேர்ந்து நம் ஊர்க் காற்றில் வைத்திருக்கிற தண்ணீர், கண்ணாடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஏடாகப் படிந்திருக்கிறது. மின்சாரம் அந்த ஏட்டின் வழியாகப் போகிறது. சூடு ஏறியதும் ஏடு உலர்ந்து போய்விடுகிறது. மேடு என்பது அவ்வளவுதான்.

ஆராய்ச்சிப் பதிவின் கெடு அப்போது முடிகிற தறுவாயில் இருந்தது. நீட்டிப்புப் படிவத்தில் வழிகாட்டிப் பேராசிரியரின் பரிந்துரை வேண்டும். இருவரும் ஒருநாள் என் மேஜைக்கு வந்தார்கள். படிவம் நடுவில் கிடந்தது.

"நீங்களே சொல்லுங்க சார்," என்றார் பேராசிரியர் என்னிடம். "ஏறும்போது எடுத்த அளவு பொய்யா? மீட்டர் காட்டினதைத்தானே எழுதியிருக்கு?"

"மீட்டர் பொய் சொல்லல சார்," என்றார் இவர். "ஆனா அங்க பேசினது கண்ணாடி இல்ல. தாம்பரத்துக் காத்து."

"ஏம்மா, அந்த மேட்டை எடுத்துட்டா உன் தீசிஸ்ல என்னம்மா மிச்சம்? சூடு ஏறினா கடத்துதிறன் ஏறும். இது ஊருக்கே தெரியும். அதுக்கு யாரு பட்டம் குடுப்பா?"

"மேடு இல்லைன்னு எழுதறேன் சார். ஏன் இல்லைன்னும் எழுதறேன்."

"தீசிஸ்ங்கறது ரயில் டிக்கெட்மா. ஊர் போய்ச் சேந்ததும் கேட்ல குடுத்துட்டு வெளிய வந்துடணும். நீ அதை ஃப்ரேம் போட்டு மாட்டணும்ங்கறே."

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மோசமான மனிதர் அல்ல. உலைக்கு மின்னழுத்த நிலைநிறுத்தி வாங்க நிர்வாகத்தோடு சண்டை போட்டவர். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "அந்த மேடு உன் அத்தியாயத்துல மட்டும் இல்லம்மா. உனக்கு முன்னாடி படிச்ச பசங்க எல்லார் தீசிஸ்லயும் இருக்கு. ஒருத்தன் இன்னிக்கு வேற காலேஜ்ல துறைத் தலைவர். உன்னோடதுல நான் கையெழுத்துப் போட்டா, ஏற்கெனவே போட்டதெல்லாம் என்ன ஆகறது?"

இவர் படிவத்தைப் பேராசிரியர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பேராசிரியர் மறுக்கவில்லை. எங்கள் உலகத்தில் யாரும் எதையும் மறுப்பதில்லை. "பாக்கலாம்" என்று எழுந்து போனார். நான் படிவத்தைத் துறைக்கு அனுப்பினேன், நினைவூட்டல் அனுப்பினேன், இரண்டாம் நினைவூட்டலும் அனுப்பினேன். பரிந்துரைக் கட்டம் காலியாகவே இருந்தது. கெடு தாண்டியது. பதிவு ரத்து செய்யப்படுகிறது என்று பல்கலைக்கழகத்திலிருந்து முறைப்படி செய்தி வந்தது. இப்படிப்பட்ட விஷயங்களில் மட்டும் அவர்கள் தாமதிப்பதில்லை.

அன்று பேய் மழை. ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு தொப்பலாக நனைந்து வந்திருந்தார். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"இதோட முடியலம்மா," என்றேன். "மறுபதிவுன்னு ஒண்ணு இருக்கு. வேற வழிகாட்டி வச்சுக்கலாம். நம்ம துறைக்கு ஆராய்ச்சி அங்கீகாரம் இருக்கிற வரைக்கும் இங்கேயே செய்யலாம். ஃபாரம் என்கிட்டயே இருக்கு. இப்பவே எழுதிடலாம்."

"வேண்டாம் சார்."

"யோசிச்சுச் சொல்லும்மா."

"யோசிச்சாச்சு. எனக்கு இந்தக் கண்ணாடியும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். பாடம் நடத்தவும் வேண்டாம்." குடையை எடுத்துக்கொண்டு, அதை விரிக்காமலே மழையில் இறங்கிப் போனார்.

அவருடைய பழக்கம் தெரிந்தவன் ஆகையால் நான் கவலைப்படவில்லை. சில வாரம் கழித்து வந்து அதையே மறுபடி பேசுவார் என்று படிவத்தை மேல் இழுப்பறையில் வைத்திருந்தேன். வரவில்லை. பொங்கல் விடுமுறை முடிந்ததும் தாழ்வாரத்தில் பார்த்து, "ஃபாரம் மேலாகவே இருக்கும்மா," என்றேன். "தெரியும் சார்," என்றார். அடுத்த ஆண்டும் ஒரு தடவை சொன்னேன். அப்போதும் "தெரியும் சார்."

ஆய்வகத்தில் நின்றார். முதலாண்டு மாணவர்களுக்கு வெர்னியரும் திருகு அளவியும் சொல்லிக்கொடுத்தார். இரண்டு தடவை கேட்டார். தொண்ணூறுகள் பிறந்தன. மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வரப்போகிறது என்று தாம்பரமே பேசிக்கொண்டிருந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் ஓய்வு பெற்றார், சந்தன மாலை போட்டோம். அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி என்று துறையில் இருந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால், அவரோடு துறையின் ஆராய்ச்சி அங்கீகாரமும் ஓய்வு பெற்றது. பயன்படாத உலையைக் கழித்துக்கட்ட விதி இருக்கிறது. அந்தக் கோப்பில் நான்தான் கையெழுத்து. லாரியில் ஏற்றினார்கள்.

"இன்னா மேடம், உன் அடுப்பத் தூக்கினு போறானுங்கோ, நீ பாத்துகினே நிக்கிறியே?" என்றார் பணியாளர் அம்மாள்.

"ஆறிப் போன அடுப்புதானே," என்றார் இவர். லாரி கேட்டைத் தாண்டித் திரும்பும்வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அதற்கு அடுத்த மாசி மாதம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது, காற்றில் ஈரமே இல்லாத நாட்கள். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு என் அறைக்கு வந்து, பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். காதோரம் நரைத்திருந்தது.

"சார், அந்த மறுபதிவு. இன்னும் முடியுமா?"

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"அன்னிக்கு வேண்டாம்னு சொன்னேன்," என்றார். "அன்னிக்கு எடுத்த அளவுல ஈரம் இருந்தது சார். இவ்வளவு நாள் ஆற வச்சுப் பாத்தேன். எனக்குப் பாடம் நடத்தணும். அது மாறல."

படிவம் அப்போதும் மேல் இழுப்பறையில்தான் இருந்தது. எடுத்து மேஜையில் வைத்தேன். வைத்துவிட்டு, விதியைச் சொன்னேன். பதிவு ரத்தானவர்கள் மறுபதிவு செய்ய இப்போது காலவரம்பு வைத்துவிட்டார்கள், அது தாண்டிவிட்டது. புதிதாகப் பதிவு செய்யலாமென்றால் நம் துறைக்கு அங்கீகாரம் இல்லை. வேறு கல்லூரியில் செய்யலாமென்றால் பகுதி நேரத்தை நிறுத்திவிட்டார்கள். முழு நேரத்துக்கு வேலையை விட வேண்டும். வேலையை விட்டால், எந்தப் பதவிக்காகப் படிக்கிறாரோ அந்தப் பதவிக்கு ஏறுகிற உரிமையும் போய்விடும். ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வந்தேன். எல்லாம் எனக்கு மனப்பாடம்.

கேட்டுக்கொண்டார். "சரி சார்," என்று எழுந்து போனார்.

அந்த வாரம் நான் ரயிலேறிப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். எனக்குத் தெரிந்த பிரிவு அலுவலர் ஒருவர் அங்கே இருந்தார். விதிவிலக்கு, சிறப்பு ஆணை, கருணை அடிப்படை என்று எனக்குத் தெரிந்த அத்தனை பெயர்களிலும் கேட்டேன். அவர் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சிரித்தார். "சார், உங்களுக்குத் தெரியாத ரூலா?" என்றார். என் உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே அதுதான் தாங்க முடியாதது. திரும்பி வந்து பழைய ஆணைகளையெல்லாம் இறக்கித் தூசி தட்டிப் படித்தேன். ஒரு வரி, ஓர் அடிக்குறிப்பு, ஒரு 'எனினும்' எங்காவது அகப்படாதா என்று பார்த்தேன்.

பங்குனியில் மறுபடி வந்தார். வருவார் என்று எனக்குத் தெரியும். வாசலில் அவர் நிழல் விழுந்ததும் படித்துக்கொண்டிருந்த ஆணையை மூடி வைத்தேன்.

"சார், அதே கேள்விதான். மறுபதிவு முடியுமா?"

ஒரு காலத்தில் இதே நாற்காலியில் உட்கார்ந்து, விடுப்பு பற்றி நான் சொன்ன முதல் பதில் தவறு என்று காட்டியவர் அவர். அன்று அதற்காக எரிச்சல்பட்டேன். இப்போது அப்படி ஒரு தவறு என்னிடம் இருக்காதா என்று ஏங்கினேன்.

"முடியாதும்மா," என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். சூடு நிலைத்துவிட்டதா என்று உலையைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு தலையசைத்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு சார்," என்றார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "ஃபர்ஸ்ட் இயர் பிராக்டிகல் இருக்கு. பசங்க நிப்பாங்க."